அக்கா டேப்பட் வைத்த வேன்

எங்கள் அக்கா ஆவடியில், தொழிற்சாலைக் குடியிருப்பில் பிறந்தார். அப்பாவுக்கு அங்கே வேலை. அம்மா காலமான பிறகு எனக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவர் அக்காதான். திருமணமாகிப் பாரிவாக்கம் சென்றார். மாமா பள்ளி வேன் ஓட்டி வந்தார். அவர் மாரடைப்பில் மறைந்தபோது மகள் கயல்விழிக்குப் பத்து வயது. அக்கா உரிமமும் பேட்ஜும் வாங்கி, அதே வேனை ஓட்டத் தொடங்கினார். உறவினர் பலருக்கு அது பிடிக்கவில்லை. அக்கா யாரிடமும் விவாதிக்கவில்லை.

ஒருநாள் குத்தம்பாக்கம் அருகே எஞ்சின் கொதித்து நின்றுவிட்டது. பிள்ளைகளை நிழலில் உட்காரவைத்து, வீடுகளுக்குப் போன் செய்து ஒவ்வொருவரையும் ஒப்படைத்த பிறகே அக்கா வண்டியைத் திரும்பிப் பார்த்தார். எஞ்சினில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கட் போயிருந்தது. எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றி, அம்பத்தூர் லேத் பட்டறையில் சமப்படுத்தி வாங்கச் சில நாட்கள் ஆயின. அதற்குள் சில பெற்றோர் வேறு வேன் பேசிவிட்டார்கள். மற்றவர்கள் பரீட்சை தொடங்கும்வரை பொறுப்பதாகச் சொன்னார்கள்.

பரீட்சைக்கு முதல்நாள் காலை மெக்கானிக் தாவூத் பாய் ஹெட்டைப் பூட்டினார். கடைசி போல்ட்டை இறுக்கும்போது ஸ்பேனர் வழுக்கி, அவருடைய வலதுகை விரல்கள் நசுங்கின. கட்டுப்போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். டேப்பட் வைப்பது மட்டும் பாக்கி. ஒவ்வொரு வால்வின் தலையிலும் மெல்லிய இடைவெளி விடும் வேலை அது. ஹெட்டைக் கழற்றிப் பூட்டினால் அந்த அளவு மாறிவிடும்.

நானும் அங்கே இருந்தேன். “வண்டிய வித்துட்டு எங்கூட வந்துடுக்கா” என்றேன்.

“நாளைக்குப் பசங்க எப்டிப் போவாங்க? அத மொதல்ல சொல்லு” என்ற அக்கா, பாயிடம் திரும்பி, “நீங்க சொல்லுங்க பாய், நான் வெக்கிறேன்” என்றார்.

எஞ்சினைக் கையால் சுற்றி, ஒரு சிலிண்டரின் இரண்டு வால்வுகளும் மூடி நிற்கும்படி வைத்தார்கள். அக்கா அளவுத் தகட்டை இடைவெளியில் நுழைத்து, இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் ஸ்க்ரூவைத் திருப்பினார்.

“இழுக்கசொல்ல லேசா புடிக்குதாக்கா?”

“புடிக்குது பாய்.”

“ஸ்க்ரூவ அசையாம புடிச்சிக்கினு நட்ட டைட் பண்ணுக்கா. அப்பால மறுக்கா தகடு வுட்டுப் பாரு. டைட் பண்ணசொல்ல நவுந்துடும்.”

எல்லாம் முடிந்து வண்டியைக் கிளப்பியபோது டேப்பட் சத்தமே கேட்கவில்லை. நான் மகிழ்ந்தேன். ஆனால் எஞ்சின் லேசாக உதறியது. பாய் தலையை ஆட்டினார்.

“இவ்ளோ அமைதி ஆகாதுக்கா. ஒண்ணு டைட்டா கீது. இப்டியே ஓட்னா வால்வு எரிஞ்சிடும்.”

எஞ்சின் ஆறும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது ஒரு தாய் போன் செய்து, நாளை வேன் வருமா என்று கேட்டார். அக்கா எஞ்சினை ஒருமுறை பார்த்தார். “வரும்மா. பையன ரெடியா நிக்கச் சொல்லுங்க” என்றார்.

மூடியை மறுபடி திறந்து, ஒவ்வொன்றாகத் தகடு விட்டுப் பார்த்தார். ஒரு வால்வில் தகடு நுழையவே இல்லை. நட்டை இறுக்கும்போது அது நகர்ந்திருந்தது. அதைச் சரிசெய்து கிளப்பியதும் உதறல் நின்றது. தையல் இயந்திரம் போல மெல்லிய, சீரான சத்தம் வந்தது. அக்கா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சற்று நேரம் படியிலேயே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் பிள்ளைகள் நேரத்துக்குப் பரீட்சைக்குப் போனார்கள். வண்டி சில வாரம் ஓடிய பிறகு ஹெட் போல்ட்டுகளை மீண்டும் இறுக்கி, டேப்பட்டையும் மறுபடி பார்க்க வேண்டியிருந்தது. அதற்குள் பாயின் விரல்கள் ஆறிவிட்டன. ஆனாலும் அக்கா ஸ்பேனரைக் கொடுக்கவில்லை. வேறு வேனுக்குப் போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள்.

கயல்விழி செவிலியர் படிப்பு முடித்து வேலைக்குப் போன பிறகும் அக்கா வேனை விடவில்லை. சிறுநீரகம் பழுதான பிறகும், கடைசி வெள்ளிக்கிழமைவரை ஓட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மகளின் கையைப் பிடித்தபடி கண் மூடினார்.

சிகிச்சையளித்த மருத்துவர்களுக்கும், துணை நின்ற தாவூத் பாய் குடும்பத்தாருக்கும் நன்றி. இன்னும் சிலருக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். அக்கா மறைந்த மறுநாள் பள்ளி உண்டு என்பது துக்கத்தில் எங்கள் யாருக்கும் நினைவில் இல்லை. அப்பகுதியின் மற்ற வேன் ஓட்டுநர்கள் யாரும் கேட்காமலே வந்து, தெருத்தெருவாகப் பிரித்துக்கொண்டு அக்காவின் வேன் பிள்ளைகள் அனைவரையும் பள்ளியில் சேர்த்தார்கள். பிறகு, காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்து அக்காவுக்குத் தோள் கொடுத்தார்கள். அவர்களில் பலருடைய பெயர் எனக்குத் தெரியாது. அவர்களை வணங்குகிறோம்.

— தம்பி