அட்டைப்படத்தில் அம்மாவின் கை

கூடவே இருந்து குழி பறிப்பது என்பார்களே, அதை எனக்குச் செய்தவள் எங்கள் வீட்டில் மூன்று வேளையும் சாப்பிட்டவள். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

ஆய்வுக்கூடத்தில் அந்தத் தோழிக்கும் எனக்கும் அடுத்தடுத்த மேசை. மெல்லிய படலமாகப் பூசக்கூடிய சூரிய மின்கலம் செய்வது எங்கள் வேலை. அதற்கு இரண்டு பொருள் வேண்டும். ஒன்று எலக்ட்ரானைக் கொடுக்கும், மற்றொன்று வாங்கும். கொடுப்பவை தாராளமாக இருக்கின்றன. வாங்குகிற பாலிமர்தான் சுலபத்தில் அமையாது. அமைந்தாலும் காற்றுப் பட்டால் கெட்டுவிடும். மூலக்கூறின் வளையத்தில் கார்பன் இருந்த இடத்தில் நைட்ரஜனை வைத்து, எலக்ட்ரானுக்கு ஏங்கும் ஒன்றை நான் வடிவமைத்தேன். வாங்கிக்கொண்டே இருக்கும் குணத்தை மூலக்கூறில் தேடி அலைந்தேன். அது பக்கத்து மேசையிலேயே உட்கார்ந்திருந்தது.

செய்த பாலிமரை வெவ்வேறு கரைப்பான்களில் வரிசையாகக் கழுவுவோம். கடைசிவரை கரையாமல் நிற்கும் கருப்புக் கசடை எல்லோரும் குப்பையில் போடுவார்கள். எனக்கு மனசு வரவில்லை. சூடான குளோரோபென்சீனில் கரைத்துப் பூசிப் பார்த்தேன். நீளமான சங்கிலிகளெல்லாம் அதில்தான் இருந்தன. மின்னோட்டம் பிரமாதமாக வந்தது. முதலில் அவளிடம்தான் ஓடிப்போய்ச் சொன்னேன். அளக்கும் கருவியில் எனக்கு நேரம் கிடைக்காதபோதெல்லாம் அவள் பெயரில் பதிந்து அளந்தேன்; கோப்புகளும் அவள் பெயரிலேயே சேர்ந்தன. ஆய்வுக்கூடங்களில் இதெல்லாம் சகஜம்.

மிளகு காயப்போடும் நாட்களில் அவளைக் கொல்லிமலைக்கு, அங்கே குண்டூர் நாடு என்கிற ஊர்த்தொகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். வெயிலும் பனிமூட்டமும் மாறி மாறி வரும் இடத்தில் மின்கலம் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். களத்தில் மிளகுக்குப் பக்கத்தில் பாலிமர் பூசிய கண்ணாடித் துண்டுகளைப் பரப்பினோம். அம்மா ஒரு துண்டை உள்ளங்கையில் ஏந்த, மீட்டரில் எண் ஏறியது. தோழி அந்தக் கையைப் படமெடுத்துக்கொண்டாள்.

சில மாதங்களில் ஓர் ஆய்விதழில் அந்த மின்கலத்தைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. முதல் பெயர் அவளுடையது. கசடைக் கரைத்தது அவள் யோசனையாம். என் பெயர் கடைசியில், நன்றி சொல்லும் வரியில். அந்தக் கட்டுரையை நம்பித்தான் என் முனைவர் பட்டமே இருந்தது. எங்கள் வழிகாட்டிப் பேராசிரியரிடம் போய் நின்றேன். "கோப்பெல்லாம் அவ பேர்லதானேம்மா இருக்கு" என்றார். பாலிமரைச் செய்தது யார் என்று அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அவளைக் கேட்டதற்கு, வெளிநாட்டு வேலைக்கு அவசரமாகத் தேவைப்பட்டது, அடுத்த கட்டுரையில் உனக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சாவகாசமாகச் சொன்னாள். என் தலையில் மிளகாய் அரைத்தது போதாதென்று சமாதானம் வேறு. ஓங்கி அறைந்திருக்க வேண்டும். என் மேசைக்குத் திரும்பிவிட்டேன்.

ஊருக்குப் போனபோது அம்மா என் போனில் அந்த இதழின் அட்டைப்படத்தைப் பார்த்துவிட்டாள். கட்டைவிரலில் இருந்த அரிவாள் தழும்பை வைத்தே கண்டுகொண்டாள்.

"ஏங்கண்ணு, இது என்ற கைதானே? இதுல உன்ற பேரு எங்க இருக்குதுன்னு காட்டு சாமி."

இல்லீங்கம்மா என்றேன். நடந்ததையெல்லாம் அழுதுகொண்டே சொன்னேன்.

"உன்ற பேரு வேண்டாம்னா, என்ற கைய மட்டும் எதுக்கு எடுத்துட்டுப் போனா?"

அம்மா எழுந்து உள்ளே போனாள். அடுத்த முறை அந்தத் தோழி வந்தால் கொடுக்கவென்று தனியாகக் கட்டி வைத்திருந்த மிளகைப் பிரித்து, சாக்கிலேயே திரும்பக் கொட்டினாள்.