பதினோராம் பக்கம்

"நான் படிச்சதுல என்ன புரிஞ்சுதுன்னு உங்க வாயால சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு, பேனாவை மூடிக் கையில் வைத்துக்கொள்வார். பதில் வரும்வரை அந்தப் பேனா திறக்காது. மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், புது மருந்துகளை நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதிக்கும் பிரிவு. அங்கே சம்மதப் படிவத்தை வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவது அவர் வேலை. பதினான்கு பக்கம். வருகிறவர்களுக்கு அவர் பெயர் தெரியாது. "படிக்கிற அக்கா" என்றால் காவலாளி வழி காட்டுவார்.

வரிக்கு அடியில் விரல் ஓட்டித்தான் படிப்பார். அச்சில் 'சமவாய்ப்பு முறையில் ஒதுக்கீடு' என்றிருப்பதை, "குலுக்கிப் போட்டு எடுக்கிற மாதிரி. மருந்தும் வரலாம், வெறும் மாவு மாத்திரையும் வரலாம். எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது" என்று உடைத்துச் சொல்வார். எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்ற வரியை மட்டும் இரண்டு முறை. வீட்டில் சாப்பாடு பரிமாறும்போது மகள் சீண்டுவாள்: "இதுல பக்கவிளைவு இருக்காம்மா? பாதியில விலகிக்கலாமா?" மற்றவர்கள் நாளுக்கு ஆறு பேரை முடிக்கும் இடத்தில் அக்கா இரண்டு பேரோடு நிற்பார். "படிவம் வாசிக்கிறீங்களா, பாடம் நடத்துறீங்களா?" என்று தலைமை டாக்டர் கடிந்துகொண்டதும் உண்டு.

போன வருடம் ஒரு தச்சர் வந்தார். நுரையீரலில் கோளாறு. நாற்காலிக்கு வந்து சேர்வதற்குள் உதடு நீலம் பாரித்துவிட்டது. ஒவ்வொரு பக்கத்துக்கும் தலையாட்டினார். பதினோராம் பக்கத்தில் அக்கா நிறுத்தி, "அண்ணே, ஒரு வருஷம்தான் மருந்து. ஆய்வு முடிஞ்சா கெடைக்காது" என்றார். அதற்கும் ஓர் ஆட்டல். என்ன புரிந்தது என்று கேட்டபோது, "எல்லாம்" என்ற ஒரு சொல்லுக்கே அவருக்கு மூச்சு முட்டியது. மேலும் பேசவைக்க மனம் வரவில்லை. அக்கா பேனாவைத் திறந்துவிட்டார்.

குலுக்கலில் அவருக்கு விழுந்தது மருந்துதான் என்பதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாலாவது மாதம் லிஃப்டை விட்டுப் படியேறி வந்தார். "மூணு மாடி, தங்கச்சி! நடுவுல ஒரே தடவைதான் நின்னேன்." மறுபடி உளி பிடித்திருந்தார். பேத்திக்குக் கட்டில் செய்வதாகச் சொன்னார்.

ஆய்வு முடிந்தது. மிச்ச மாத்திரைகளைத் திரும்ப வாங்குவதும் அக்காவின் வேலைதான். தச்சர் டப்பாவைக் கொடுக்காமல் மடியிலேயே வைத்திருந்தார்.

"நல்லாத்தானே இருக்கேன். ஏன் நிறுத்துறீங்க?"

"பதினோராம் பக்கத்துல படிச்சேனே, அண்ணே."

"நீ படிச்சே, இல்லேன்னு சொல்லல. நான் மூச்சுக்குத் தவிச்சிட்டிருந்தேன் தங்கச்சி. எங்க கேக்கறது?"

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. டப்பாவை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

அன்றே அக்கா, ஆய்வுகளுக்கு அனுமதி கொடுக்கும் நெறிமுறைக் குழுவுக்கு எழுதினார்: குணம் கண்டவர்களுக்கு மருந்தைத் தொடர வழியுண்டா? ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. குறிப்பிட்ட விவரம் வாசித்துக் காட்டப்பட்டு, நோயாளி புரிந்துகொண்டது உறுதிசெய்யப்பட்டு, முறைப்படி சம்மதம் பெறப்பட்டுள்ளது, மேல்நடவடிக்கை தேவையில்லை. ஆதாரமாகத் தச்சரின் சம்மதப் படிவத்தின் நகலை இணைத்திருந்தார்கள். அதில் 'புரிந்துகொண்டார்' என்ற வரிக்குக் கீழே இருந்தது அக்காவின் கையெழுத்து. அந்தப் பிரிவிலேயே ஒழுங்காகப் படிப்பவர் என்று பேர் வாங்கியவருடைய கையெழுத்து. அவ்வளவு போதும் என்று குழு நினைத்ததில் தப்பு சொல்ல முடியாது.

மூன்று மாதம் கழித்துக் கடைசிப் பரிசோதனை. தச்சரை அவர் மனைவி சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார். ஊதச் சொன்ன குழாயில் முள் அசையவே இல்லை. "கட்டில் அப்படியே கெடக்கு" என்றார் மனைவி, யாரிடம் என்றில்லாமல். ஆய்வை நிறைவு செய்ததற்குத் தச்சர் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். எங்கே என்று அவர் கண்ணால் கேட்டார். பேனாவை வைத்ததும் தாள் நழுவியது.

அக்கா எழுந்து வந்து அவர் பக்கத்தில் முழங்காலிட்டு, அவர் போட்டு முடிக்கும்வரை அந்தத் தாள் நகராமல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.