மலைக்குப் போன சம்பு

கோழி கூவும் முன்பே சிலமலையில் பஸ் ஏறிவிட்டேன். போடிக்கு இரண்டணா. மடியில் ஈரச் சாக்கு, அதற்குள் எங்கள் கண்மாயில் பிடுங்கிய சம்புக் கிழங்கு, கோரை மாதிரி ஆளுயரம் வளருமே அந்தப் புல்.

“சாக்குக்குள்ள எலி கிலி செத்துக் கெடக்கா ஆத்தா?” என்று கண்டக்டர் மூக்கைப் பொத்தினான்.

“ஒன் சோலியப் பாரு அப்பு.”

ஏலத்தோட்டத்து லயத்தில், அதுதான் அந்த வரிசை வீடுகளில், என் மகள் பேச்சி இருக்கிறாள். பாத்திரம் கழுவி, துணி துவைத்த தண்ணீரெல்லாம் ஓடையில் இறங்குகிறது. அதைக் குடித்துக் கீழ் லயத்துப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. ஞாயிற்றுக்கிழமைக்குள் வழி பண்ணாவிட்டால் சாக்கடையைக் கல் வைத்து அடைப்போம் என்று சொல்லிவிட்டார்கள். அடைத்தால் அழுக்குத் தண்ணீர் பச்சைப்பிள்ளை கிடக்கிற மகள் வீட்டுக்குள்தான் ஏறும். கண்மாயில் சம்புக்குள் புகுந்து வரும் தண்ணீர் தெளிந்து வருவதை மருமகன் பார்த்திருக்கிறார். குழி வெட்டிக் கூழாங்கல் பரப்பிவிட்டு, கிழங்கு கேட்டு ஆள் அனுப்பினார். நான் பஸ் ஏறிய அன்றைக்கே சனிக்கிழமை!

போடியில் ஜீப்புக்கு லோடு ஏற்றி முடிவதற்குள் வெயில் ஏறிவிட்டது. வேர் காயுமே என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“வெரசா போ அப்பு.”

“வளைஞ்சு வளைஞ்சுதான் போகணும் ஆத்தா. பறக்கவா சொல்றீக?” என்றான் டிரைவர்.

மேலே போகப் போக மேகம் மடிக்கே வந்துவிட்டது. பொய் சொல்லக்கூடாது, சந்தோஷமாகத்தான் இருந்தது. போடிமெட்டில் டீயைச் சாயா என்கிறார்கள். இஞ்சி தட்டிப் போட்டு என்ன ருசி! குடித்துக்கொண்டே சாக்கில் தண்ணீர் தெளித்தேன்.

பொழுது சாயும் முன், நாற்று நடுகிற மாதிரியே நட்டு முடித்தோம்.

விடிந்து பார்த்தால் குழியில் வெறும் சேறு. பக்கத்து வீட்டுப் பெண்கள் அத்தனையையும் பிடுங்கிக் குவித்திருந்தார்கள். ஏலச்செடிக்குள் களை எடுத்தே பழகிய கைகள்!

“பேச்சியோட ஆத்தா வந்திருக்காகளேன்னு சுத்தம் பண்ணுனோம்,” என்றாள் ஒருத்தி.

நான் தலையில் அடித்துக்கொள்ளும்போதே கீழ் லயத்தார் கல்லோடு வந்துவிட்டார்கள். முன்னால் நின்றவள் செல்லம்மா, என் வயசுக்காரி.

“எங்க ஒங்க வைத்தியம்?”

குவியலைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“களைன்னு நெனச்சாளுகளாக்கும்! மொதலாளி வீட்டு ரோசாச் செடியவே பிடுங்குனவ நானு.”

கல்லைக் கீழே போட்டுவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குவியலிலிருந்து கிழங்கை அள்ளித் திரும்ப நடச் சேற்றில் இறங்கினாள்.

“ஒரு மாசம் பாப்பேன். தண்ணி தெளியல, செலமலைக்கே வந்து சண்ட போடுவேன்.”

ஊர் திரும்பியும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வாசல் சாக்கடையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இத்தனை வருஷமாக நான் துவைத்த தண்ணீர் யார் குடத்துக்குப் போனதோ! கேட்பதற்குக் கல்லோடு ஒருத்தியும் வந்ததில்லை.