புரட்டாசிக்கு முந்தைய கறிச்சோறு

மலாக்காவில் எங்கள் புக்கிட் காத்தில் தாமான் குடியிருப்பில் நாகமுத்து அண்ணன் பிறந்தநாளுக்கு மட்டும்தான் நாடே விடுமுறை விடும். 1963 செப்டம்பர் 16, மலேசியா உருவான அன்றே அவரும் கோலா சுங்கை பாரு பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தார். "நானும் நாடும் ஒரே வயசு லா. எனக்கு மட்டும் முடி கொட்டிப்போச்சு" என்பார். அந்த நாளுக்கு விடுமுறை வந்ததே 2010இல்தான். அதுவரை பிறந்தநாளன்றும் லாரியில் செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டிருந்த மனிதர்.

மறுநாள் பெரும்பாலும் புரட்டாசி பிறந்துவிடும். பிறகு ஒரு மாதம் கவுச்சியே கிடையாது. ஆகவே எங்கள் சனத்துக்கு அது மலேசிய தினம் மட்டுமல்ல, கடைசிக் கறிநாளும்கூட. அண்ணன் வாசலில் கூடாரம் போட்டு, தன் கையாலேயே ஆட்டுக்கறி சமைத்துத் தெருவுக்கே பரிமாறுவார்.

அவருக்கு ஒரே குறை, மகள் ராகினி. கடல் தாண்டிக் கூச்சிங்கில் ஆசிரியை. மூன்று வருஷமாக அந்தக் கறியைச் சாப்பிட அவளால் வர முடியவில்லை. இந்த வருஷம் மத்தியானமே வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். பன்னிரண்டு மணிக்கு ஃபோன் வந்தது.

"ஃப்ளைட் டிலே பா. மலாக்கா சென்ட்ரல்ல பஸ் இறங்க ஆறரை ஆயிரும்."

அண்ணன் முகம் தொங்கிப்போனது. ஏழு மணிக்குச் சாமி விளக்கு ஏற்றுவதற்குள் வீடு கழுவி, கறிச் சட்டியைப் பரணில் ஏற்றிவிட வேண்டும். அவர் மனைவி பாக்கியலட்சுமி அக்காவின் சட்டம் அது.

"ஒரு கிண்ணம் மட்டும் எடுத்து வை லா."

"வீட்டுக்குள்ள கூடாது."

"பெத்த மகளுக்குமா?"

அக்கா துடைப்பத்தை எடுத்தார். "கல்லு மனசுடா இவளுக்கு" என்று அண்ணன் என்னிடம் வந்து பொருமினார். எனக்கும் அக்கா மேல் கோபம்தான்.

ஆறு மணிக்கு வீடு மஞ்சள் தண்ணீரில் பளிச்சென்று இருந்தது. அக்கா தூக்குச்சட்டியோடு வெளியே வந்து என்னைப் பார்த்தார். "தம்பி, அவரு காரைக் கூடாரம் மறைச்சுக்கிட்டு நிக்குது. உன் காரை எடு. வீட்டுக்குள்ளதானே கூடாது? பஸ் ஸ்டேஷன்ல என்ன வந்துச்சு?"

அண்ணன் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தார்.

ராகினி இறங்கியதும் என் கார் பானெட் மேலேயே கடை விரித்தோம். அக்கா இரண்டு தட்டு எடுத்து வைத்தார்.

"எனக்கு எதுக்கு? நான்தான் மத்தியானமே மூணு தட்டு சாப்பிட்டேனே" என்றார் அண்ணன்.

"உங்களுக்கு யார் வச்சா?"

ராகினி நிமிர்ந்து பார்த்தாள். "அம்மா, நீங்க இன்னும் சாப்பிடலையா?"

"நீ வராம எனக்கு எப்படிடி எறங்கும்? பேசாம சாப்பிடு. விளக்கேத்தப் போகணும்."

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். தன் பிறந்தநாள் என்பதையும் மறந்து, தூக்குச்சட்டியில் இருந்த ஒரே நல்லி எலும்பை எடுத்து அக்காவின் தட்டில் வைத்தார்.