பத்து எம்.பி.க்குள்

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் நான் டீச்சராக இருந்தேன். அப்போது தமிழில் வந்துகொண்டிருந்த ஒரு கம்ப்யூட்டர் மாத இதழோடு ஒரு சிடியும் சேர்ந்து வரும். வாசகர்கள் எழுதி அனுப்பும் சின்னச் சின்ன சாஃப்ட்வேர்களுக்கு அந்த சிடியில் ஒரு பகுதி இருந்தது. அதில் என் பெயர் வந்தே ஆக வேண்டும் என்று இருந்தேன். படிக்கிற காலத்தில் யாரும் என்னைப் பெரிதாக நினைத்ததில்லை, அந்த எரிச்சலும் அதில் இருந்தது.

குழந்தைகள் தமிழ் எழுத்துப் படிக்க ஒரு சாஃப்ட்வேர் எழுதினேன். எழுத்தின் மேல் மவுஸை அழுத்தினால் ஒரு படம் வரும், எழுத்தின் ஒலியும் கேட்கும். குரல் கொடுத்தவள் என்னோடு வேலை பார்த்த பெண். கடம்பூரிலிருந்து தினமும் ரயிலில் வருவாள். என்னைவிட நான்கு வயது சின்னவள். லீவு நாட்களில் தீப்பெட்டி ஆபீசில் பெட்டி அடைத்துச் சேர்த்த காசில் எங்கள் சென்டரிலேயே படித்து, அங்கேயே வேலைக்குச் சேர்ந்தவள். எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு ‘ழ’ வராது. அவளுக்கு அது சுத்தமாக வரும்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ரெக்கார்ட் செய்தோம். ஃபேன் இரைச்சல் விழுகிறது என்று ஃபேனை நிறுத்தி, ஜன்னல்களையும் சாத்திக்கொள்வோம். கரிசல் வெயில் மாடியில் அப்படியே இறங்கும். கீழே ஒரு பஸ் ஹாரன் அடித்தால் அந்த எழுத்தை மறுபடியும் சொல்ல வேண்டும். இருநூற்று நாற்பத்தேழு எழுத்து. சேலை முதுகில் ஒட்டிக்கிடக்க, “இன்னொரு தடவ சொல்லுதேன்க்கா, இது சரியில்ல” என்று அவளேதான் சொல்லுவாள்.

சென்டர் முதலாளி ஒரு நாள் வந்து அதைக் கேட்டுப் பார்த்தார். அவருக்குத் தீப்பெட்டி ஆபீஸும் உண்டு. இரண்டு மூன்று எழுத்துகளை அழுத்திப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

“இந்தப் பிள்ள சத்தம்தாம்மா இதுல விசேஷம். படமெல்லாம் யாரும் போட்டுருவாவ.”

நான் சிரித்தேன். நான்கு மாதம் உட்கார்ந்து புரோகிராம் எழுதியவள் நான்.

இதழில் விதிமுறைகள் ஒரு கட்டத்துக்குள் அச்சாகியிருந்தன. இன்ஸ்டால் செய்யாமல் சிடியிலிருந்தே ஓட வேண்டும். ஃபைல் பெயர்கள் ஆங்கிலத்தில் எட்டு எழுத்தைத் தாண்டக் கூடாது. வைரஸ் பார்த்து அனுப்ப வேண்டும். செய்தவர் விவரம் தனி ஃபைலில் இருக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து பத்து எம்.பி.க்குள் அடங்க வேண்டும்.

கூரியர் அனுப்ப வேண்டிய சனிக்கிழமை காலையில்தான் ஃபோல்டரின் அளவைப் பார்த்தேன். ஐம்பது எம்.பி.யை நெருங்கியிருந்தது. அதில் நாற்பதுக்கு மேல் அவள் குரல். முகப்பில் முதலாளி வைக்கச் சொன்ன சென்டர் போர்டு படம் மட்டுமே இரண்டு எம்.பி. அதை எடுக்க முடியாது. அவள் அன்றைக்கு அக்காள் வளைகாப்புக்கு லீவு போட்டிருந்தாள்.

ஒலியின் தரத்தைக் கொஞ்சம் குறைத்துச் சேமித்திருந்தால் அத்தனையும் மூன்று எம்.பி.க்குள் வந்திருக்கும். ஐந்து நிமிட வேலை. அப்போது எனக்கு அது தெரியாது. தெரிந்தவர்களைக் கேட்கலாம் என்றும், அடுத்த மாதம் அனுப்பலாம் என்றும் தோன்றாமல் இல்லை. தோன்றியும் செய்யவில்லை. குரல் இல்லாவிட்டால் இது முழுக்க என்னுடையது என்கிற நினைப்பு ஒரு கணம் வந்தது. வந்ததை நான் தள்ளவில்லை. ஒலி ஃபைல்களை எடுத்தேன். விவர ஃபைலில் ‘குரல்’ என்று தொடங்கி அவள் பெயரோடு இருந்த வரியையும் எடுத்தேன். சிடி எழுதி, கவரில் போட்டு, பன்னிரண்டு மணிக்கு முன்பு கூரியரில் கொடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை அவள், “அனுப்பிட்டீங்களாக்கா?” என்று கேட்டாள். “அனுப்பிட்டேன்” என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து இதழின் சிடியில் அது வந்துவிட்டது. ஸ்டேஷன் புத்தகக் கடையில் அவளே ஒரு பிரதி வாங்கி, எனக்குக் காட்ட ஓடி வந்தாள். வகுப்பில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் இருந்தார்கள். எல்லோரையும் கூப்பிட்டு நிற்கவைத்துச் சிடியைப் போட்டாள். என் பெயர் வந்தது. அவள் ‘அ’வை அழுத்தினாள். படம் வந்தது, சத்தம் வரவில்லை.

ஸ்பீக்கரைத் திருகினாள். மேஜைக்கு அடியில் குனிந்து வயரைப் பிடுங்கி மறுபடி செருகினாள். “லூஸா இருக்கும்போலக்கா” என்று அடுத்த கம்ப்யூட்டரின் ஸ்பீக்கரைக் கழற்றிக்கொண்டு வந்தாள். அதுவரைக்கும் நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்ல வாய் வரவில்லை என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். உண்மை அதுவல்ல. அவளாகவே கண்டுபிடிக்கட்டும் என்று இருந்தேன்.

விவர ஃபைலைத் திறந்து படித்தாள். இரண்டு தடவை படித்தாள்.

“சைஸ் பத்தல” என்றேன்.

“சொல்லியிருக்கலாம்லாக்கா. நானே எடுத்துரச் சொல்லியிருப்பேன்.”

பிள்ளைகளைப் பார்த்து, “போய் அவங்கவங்க எடத்துல உக்காருங்க” என்றாள். கழற்றின ஸ்பீக்கரை எங்கிருந்து எடுத்தாளோ அங்கேயே மாட்டிவிட்டு வகுப்பைத் தொடர்ந்தாள்.

ஃபைலைச் சுருக்கும் முறையை அதற்குப் பிறகு கற்றுக்கொண்டேன். குரலோடு மறுபடியும் அனுப்பலாம், உன் பெயரை முதலில் போடுகிறேன் என்று அவளிடம் சொன்னேன்.

“வேண்டாம். என் சத்தத்த அழிச்சிருங்க” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பிள்ளைகளின் வருகைப் பதிவேட்டை மூடிக்கொண்டே சொன்னாள்.

நான் அழிக்கவில்லை. ஒரு வருஷம் போல அது அந்தக் கம்ப்யூட்டரில் கிடந்தது. பிறகு வைரஸ் வந்ததென்று முதலாளி ஆள் வைத்து எல்லாவற்றையும் ஃபார்மேட் செய்யச் சொன்னார். காப்பி எடுத்து வைக்க எனக்கு ஒரு வாரம் அவகாசம் இருந்தது. எடுக்கவில்லை. அதற்குள் அவள் கல்யாணமாகி விளாத்திகுளம் போயிருந்தாள்.

சில வருஷங்களுக்கு முன்பு எட்டயபுரத்தில் அவள் நான் இருந்த பஸ்ஸில் ஏறினாள். என் பக்கத்து இடம்தான் காலியாக இருந்தது. உட்கார்ந்தாள். மிளகாய் அந்த வருஷம் மழையில் கெட்டுப்போனதைச் சொன்னாள், மகள் நர்சிங் படிப்பதைச் சொன்னாள். “நீங்க இப்பவும் அங்கனதான் சொல்லிக் குடுக்குதீங்களா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மன்னிப்புக் கேட்க எட்டயபுரத்திலிருந்து விளாத்திகுளம் வரைக்கும் நேரம் இருந்தது. நான் டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

“வாரேன்” என்று சொல்லி இறங்கிப் போனாள்.