மின்விசிறி வாங்காத வீடு

வட்டவடையில் எங்கள் வீட்டுக்கு மின்விசிறி வாங்கியதே இல்லை. அந்தக் குளிருக்கு அது எதற்கு?

போன வருடம் கீழே வேலந்தாவளம் போனோம். மாட்டுச் சந்தை நெரிசலில் கார் சிக்கி நின்றதும் இன்ஜின் சூடு ஏறி முள் சிவப்பைத் தொட்டது. ஏசியைப் போட்டால் இன்ஜினைக் குளிரவைக்கும் ஃபேனும் சேர்ந்து ஓட வேண்டும் என்று போட்டுப் பார்த்தேன். ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை. உடனே வண்டியை அணைத்து ஃபியூஸ் பெட்டியைத் திறந்தால், ஃபேனுக்குக் கரண்ட் விடும் ரிலே இருக்க வேண்டிய இடம் காலி!

கணவரை முறைத்தேன்.

"பனி வெளக்கு ரிலே போயிருச்சுல்ல, இதக் கழட்டித்தான் அதுல மாட்டுனேன். நம்ம ஊருல காருக்கு எதுக்கு ஃபேன்?" என்றார்.

வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ரிலேயைத் திரும்ப மாற்றினேன். ஃபேன் சுற்றியது.

மாலையில் மலையேறும்போது பாதையே தெரியாமல் பனி மூடியது. நானே இறங்கினேன், ஃபேன் ரிலேயைக் கழற்றிப் பனி விளக்குக்கு மாட்டினேன்.