நாலு படி வித்தியாசம்

கட்டட வரைபட அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் ‘எங்கேருந்து அக்கா’. யாராவது “மூணு மீட்டர்க்கா” என்றால் போதும், “எங்கேருந்து? தரையிலேருந்தா, ரோட்டிலேருந்தா?” என்று பிடித்துக்கொள்வாள். கேலிக்கு வைத்த பெயர்தான். அவளும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள். கேள்வியை மட்டும் விடமாட்டாள்.

இரண்டு பிள்ளைகளை வளர்க்க வேலையை விட்டுப் பதினோரு வருடம் வீட்டில் இருந்தவள். திரும்பி வந்தபோது, கோடு கோடாக வரைந்த காலம் போய், கட்டடம் முழுசாகக் கணினிக்குள் எழும்பி நின்றது. தன்னைவிடச் சின்னவர்களிடம் கூச்சம் பார்க்காமல் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டாள். அவளைப் படாதபாடு படுத்தியது உயரக் கணக்குதான். அந்த மென்பொருளில் பூஜ்யம் ஒன்றல்ல, மூன்று. மென்பொருள் தனக்கென்று வைத்திருக்கும், யாராலும் அசைக்க முடியாத புள்ளி ஒன்று. ‘இதுதான் நம் கட்டடத்தின் தரை’ என்று வரைபவர் வைத்துக்கொள்வது இன்னொன்று. நில அளவைக்காரர் கடல்மட்டத்திலிருந்து கணக்கிட்டுத் தருவது மூன்றாவது. ஒரே தளம், எங்கிருந்து அளக்கிறோமோ அதற்கேற்ப வேறு வேறு எண் காட்டும். ஒருநாள் பூஜ்யம் என்றிருந்த தரை திடீரென்று முப்பத்தொன்று என்று காட்ட, கட்டடமே பறந்துவிட்டதென்று பதறி அரைநாள் வேலையை அழித்துத் தொலைத்தாள். அந்தக் கேள்வி அவள் வாயில் ஒட்டிக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

ஒரு மருத்துவமனைக்குப் புதுக் கட்டடம் வரைகிற வேலை வந்தது. பழைய கட்டடத்தின் முதல் மாடியையும் புதியதின் முதல் மாடியையும் ஐந்து மீட்டர் பாலம் ஒன்று இணைக்க வேண்டும். நோயாளியைப் படுக்கையோடு தள்ளிக்கொண்டு போக. பழைய கட்டடத்தின் கோப்பை வேறொரு அலுவலகம் அனுப்பியிருந்தது. இரண்டையும் சேர்த்துத் திரையில் போட்டார்கள். முதல் மாடியின் உயரம் இங்கேயும் 4.20 மீட்டர், அங்கேயும் 4.20. பாலம் கச்சிதமாக உட்கார்ந்தது. தலைமை எஞ்சினியர் பார்த்துத் தலையாட்டிவிட்டார்.

அவளுக்கு மட்டும் என்னவோ இடித்தது. அந்த மருத்துவமனைக்கு மூட்டுவலிக்காரியான மாமியாரை வாராவாரம் கூட்டிப்போகிறவள் அவள். வாசலில் நாலு படி. ஒவ்வொரு படிக்கும் மாமியாரிடமிருந்து அவளுக்கு ஒரு திட்டு விழும். புதுக் கட்டடத்து வரைபடத்திலோ படியே கிடையாது. சக்கர நாற்காலி ரோட்டிலிருந்து நேராக உள்ளே உருளும். அப்படியானால் இரண்டு தரையும் எப்படி ஒன்றாகும்?

எஞ்சினியரிடம் போய்ச் சொன்னாள்.

“ஸ்க்ரீன்ல சரியாத்தானேம்மா இருக்கு?” என்றார் அவர், தலையை நிமிர்த்தாமல்.

“அவங்க 4.20 அவங்க தரையிலேருந்து சார். நம்ம 4.20 நம்ம தரையிலேருந்து. ரெண்டு பூஜ்யத்தையும் நாமதான் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுட்டோம்.”

“அஸ்திவாரமே தோண்டியாச்சு. இப்போ வந்து சொல்றீங்களே!”

“தூண் இன்னும் ஏறலையே சார்.”

பழைய கட்டடத்தை வரைந்தவருக்குப் போன் போட்டாள். “எங்க ஃபைல்ல தப்பே இல்லீங்க” என்று எரிந்து விழுந்தார். கடல்மட்டக் கணக்கு அதில் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லையாம்.

மறுநாள் காலை பஸ் பிடித்து நேராக மருத்துவமனைக்கே போய்விட்டாள். நில அளவைக்காரர் உயரம் குறித்துவைத்த கல் கேட்டோரத்தில் இருந்தது. புதுக் கட்டடத்தின் தரையைக் கணக்கிட்டதும் அதை வைத்துத்தான். புதுக் கட்டடத்து மேஸ்திரியைக் கூப்பிட்டாள். அவர் தண்ணீர் நிரப்பிய நீளமான டியூபை எடுத்து வந்தார். ஒரு முனையைக் கல்லருகே அவள் பிடித்துக்கொள்ள, மறுமுனையோடு அவர் பழைய வாசலுக்குப் போனார். டியூபின் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அதிலிருந்து கல்லுக்கும் தரைக்கும் அளந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

“தண்ணி நின்னுடுச்சாம்மா?”

“நின்னுடுச்சு மேஸ்திரி. குறிச்சுக்கோங்க.”

மூன்று தடவை அளந்தார்கள். புதுக் கட்டடத்துக்கு வரப்போகும் தரையைவிடப் பழைய தரை அறுபத்திரண்டு சென்டிமீட்டர் உயரம். பாலத்தைக் கட்டியிருந்தால், படுக்கையோடு வருகிற நோயாளி முழங்காலுக்கு மேல் உயர்ந்து நிற்கும் சுவரில் போய் முட்டியிருப்பார். சரிவாக இறக்கலாமென்றால் ஐந்து மீட்டர் போதாது.

அளவு குறித்த தாளை வாங்கி எஞ்சினியர் கணக்கைத் தானே ஒருமுறை போட்டுப் பார்த்தார். பிறகு எல்லாரையும் கூப்பிட்டு, “நான் பார்த்து ஓகே பண்ணது. தப்பு என்னோடது” என்றார். அதைச் சொல்லவும் மனசு வேண்டும்.

அவள் இரண்டு கோப்புகளையும் அந்தக் கல்லின் உயரத்தோடு இணைத்தாள். திரையில் பழைய கட்டடம் சட்டென்று மேலே ஏறி நின்றது. புதியதின் முதல் மாடியை 4.82க்கு உயர்த்தினார்கள், தூண்கள் நீண்டன, உள்படிக்கட்டில் நாலு படி கூடியது. கட்டி முடித்த அன்று பாலத்தின் இணைப்பில் ஒரு நூல் பிசகுகூட இல்லை.

அடுத்த வேலையிலிருந்து எல்லாக் கோப்புகளையும் சேர்க்கும் பொறுப்பு அவளுடையது என்றார் எஞ்சினியர். “வேற ஏதாவது வேணுமா?”

“வரைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒருநாள் இடத்தைப் போய்ப் பார்க்க விடுங்க சார். அது போதும்.”

திங்கட்கிழமை ஒரு பள்ளிக்கூடத்து மைதானத்தில், கணுக்கால் வரை சேறு அப்ப, அளவுநாடாவோடு நின்றுகொண்டிருந்தாள்.